நுண்துளைச் சிலிக்கா வழி போரான் நீக்கம்

நுண்துளைச் சிலிக்கா வழி போரான் நீக்கம் என்பது, நீரில் கரைந்துள்ள போரான் என்னும் தனிமத்தை, வேதி முறையில் மாற்றியமைக்கப்பட்ட நுண்துளைச் சிலிக்காவின் மேற்பரப்பில் பிணைத்துப் பிரித்தெடுக்கும் முறையாகும். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளில் பயன்படும் எதிர்ச் சவ்வூடு பரவல் முறை, கடல்நீரில் உள்ள உப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் தடுத்து நிறுத்துகின்றது. ஆனால் அதே சவ்வின் வழியே போரானில் ஒரு பகுதி நன்னீருடன் சேர்ந்து வெளியேறிவிடுகின்றது. உப்பு நீங்கிய பின்னரும் நீரில் எஞ்சும் இந்தப் போரானை மட்டும் தேர்ந்து பிடிப்பதே இம்முறையின் நோக்கம்.

இப்பணியைத் தொழில்முறையில் இன்று செய்து வருபவை பெரும்பாலும் பலபடிப் பிசின் மணிகளே. சிலிக்கா வகைப் பொருள்கள் ஆய்வகங்களில் நன்கு செயற்பட்டுள்ளன. எனினும் ஆலைகளில் அவை பரவலாக இடம்பெறவில்லை. அதற்கான காரணம் சிலிக்காவின் வேதியியலிலேயே உள்ளது. அது கீழே விளக்கப்படுகின்றது.

போரான்

போரானின் அணு எண் 5. அணு நிறை 10.81. இங்கிலாந்தில் அம்ப்ரி டேவியும், பிரான்சில் கே-லுசாக், தெனார் ஆகிய இருவரும் 1808 ஆம் ஆண்டில் இதனைத் தனிமமாகப் பிரித்தறிந்தனர். இதன் சேர்மங்கள் அதற்கு நெடுங்காலம் முன்பே மக்களின் பயன்பாட்டில் இருந்தன. பொற்கொல்லர்கள் நகைகளைப் பற்றவைக்கும்போது இடும் வெண்காரம் போரானின் சோடியம் உப்பாகும். கேரம் பலகையில் காய்கள் வழுக்கிச் செல்வதற்காகத் தூவப்படும் வெண்ணிறத் தூள் பெரும்பாலும் போரிக் அமிலமே. சமையலறையிலும் ஆய்வகத்திலும் பயன்படும் வெப்பம் தாங்கும் கண்ணாடியில் போரான் ஆக்சைடு கலந்துள்ளது.

எந்தச் சேர்மமாக நீரில் சேர்ந்தாலும், குறைந்த செறிவில் போரான் இரண்டே வடிவங்களில் காணப்படும். ஒன்று மின்னூட்டம் அற்ற போரிக் அமிலம். மற்றொன்று எதிர்மின்னூட்டம் உடைய போரேட்டு அயனி. நீரின் கார-அமிலச் சுட்டெண் (பி.எச்) 9.2 அளவில் இருக்கும்போது இவ்விரண்டும் சமபங்காக இருக்கும். அதற்குக் கீழே போரிக் அமிலமும், மேலே போரேட்டும் மிகுதியாக இருக்கும். குடிநீரின் பி.எச் 7 முதல் 8 வரை இருப்பதால் அதில் உள்ள போரான் ஏறத்தாழ முழுவதும் மின்னூட்டம் அற்ற போரிக் அமிலமே. இக்கட்டுரையில் கூறப்படும் இடர்கள் பலவற்றுக்கும் இந்த மின்னூட்டமின்மையே மூலம்.

பயிர்களும் போரானும்

போரான் பயிர்களுக்கு இன்றியமையாதது என்பதை இங்கிலாந்தின் ரோத்தம்சுடெடு ஆய்வு நிலையத்தில் கேத்தரின் வாரிங்டன் என்னும் தாவரவியலாளர் 1923 ஆம் ஆண்டில் அவரைச் செடிகளைக் கொண்டு நிறுவினார். தாவரத்தின் செல் சுவரில் உள்ள பெக்டின் இழைகளை ஒன்றோடொன்று இணைக்கப் போரான் தேவைப்படுகின்றது. ஆனால் தேவையான அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே உள்ள இடைவெளி மற்ற ஊட்டங்களோடு ஒப்பிடும்போது மிகக் குறுகியது.

இதனை விருதுநகர், தென்காசி மாவட்டங்களின் மலையடிவாரப் பகுதியைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். திருவில்லிபுத்தூர், இராசபாளையம், தளவாய்புரம், சேத்தூர் வட்டாரத்தில் தென்னந்தோப்புகள் மிகுதி. தென்னையில் போரான் குறைந்தால் இளங்குருத்துகள் விரியாமல் ஒட்டிக்கொண்டு சிறுத்துப்போகும். குரும்பைகளும் காய்களும் கெடும். அத்தகைய மரங்களுக்கு வேரடியில் வெண்காரம் இடுமாறு வேளாண் துறையினர் பரிந்துரைக்கின்றனர். தளவாய்புரத்துக்குத் தெற்கே, தென்காசிச் சாலையில் அமைந்துள்ள புளியங்குடி எலுமிச்சைக்குப் பெயர்பெற்ற ஊர். எலுமிச்சை இனமோ போரான் மிகுதியைத் தாங்காத பயிர்களின் பட்டியலில் முதல் வரிசையில் வைக்கப்படுவது. பாசன நீரில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் அளவைப் போரான் தாண்டினாலே எலுமிச்சைக்கு ஆகாது என்பது உலக உணவு வேளாண்மை அமைப்பு வெளியிட்ட பாசன நீர் வழிகாட்டியில் காணப்படும் வரம்பு. ஒரே மலையடிவாரத்தில் ஒரு பயிருக்கு விலை கொடுத்து வாங்கி இடும் பொருள், அடுத்த பயிருக்கு நஞ்சாகக்கூடும்.

போரான் மிகுந்தால் முதலில் முதிர்ந்த இலைகளின் நுனி மஞ்சளாகும். பின்னர் ஓரங்கள் கருகி, கருகல் உள்நோக்கிப் பரவும். வேர் உறிஞ்சிய நீர் இலையின் விளிம்பில் ஆவியாகும்போது போரான் அங்கேயே தங்கிச் சேர்ந்துவிடுவதே இதற்குக் காரணம். உப்பு மிகுதியாலும் இதே போன்ற கருகல் தோன்றும் என்பதால் கண்ணால் பார்த்து மட்டும் முடிவு செய்ய இயலாது.

மனிதர்கள் எலுமிச்சையைவிடக் கூடுதலான அளவைத் தாங்குவர். உலக நலவாழ்வு அமைப்பு குடிநீருக்கான போரான் வழிகாட்டு அளவை 1993 ஆம் ஆண்டில் லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் என்றும், 1998 ஆம் ஆண்டில் 0.5 மில்லிகிராம் என்றும் வைத்திருந்தது. 2011 ஆம் ஆண்டின் பதிப்பில் அது 2.4 மில்லிகிராம் என உயர்த்தப்பட்டது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரநூல் 2012 ஆம் ஆண்டு வெளிவந்தபோது, ஏற்கத்தக்க அளவாக 0.5 மில்லிகிராமும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் பொறுத்துக்கொள்ளத்தக்க அளவாக 1 மில்லிகிராமும் குறிக்கப்பட்டன. ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஆம் ஆண்டின் ஆணையில் பொதுவாக 1.5 மில்லிகிராம் எனவும், கடல்நீரிலிருந்து பெறும் நீரே முதன்மையாக உள்ள பகுதிகளுக்கு 2.4 மில்லிகிராம் எனவும் வரம்பிட்டது.

வாய்க்கு 2.4, எலுமிச்சைக்கு 0.5 என்னும் இந்த வேறுபாடு வெறும் எண் வேறுபாடு அன்று. நகரில் குடித்த நீரும் குளித்த நீரும் கழிவுநீராகித் தூய்மைப்படுத்தப்பட்ட பின் வயலுக்குச் செல்லுமானால், அதில் இருந்த போரானும் உடன் செல்லும். கழிவுநீர் நிலையங்களில் நடைபெறும் நுண்ணுயிர்ச் சிதைவு போரானைத் தொடுவதில்லை. இசுரேல் நாட்டில் கழிவுநீரின் பெரும்பகுதி பாசனத்துக்குச் செல்வதால்தான், 2005 ஆம் ஆண்டில் செயற்படத் தொடங்கிய அசுகெலான் கடல்நீர் ஆலைக்கு 0.4 மில்லிகிராம் என்னும் கடுமையான வரம்பு விதிக்கப்பட்டது. அங்கே அந்த எண்ணை முடிவு செய்தது குடிப்போரின் உடல்நலம் அன்று; பழத்தோட்டங்களே.

கடல்நீரில் போரான்

கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 4.5 மில்லிகிராம் போரான் உள்ளது. பாறைகள் சிதைவுற்று ஆறுகளின் வழியே வந்ததும், எரிமலை வெளியேற்றங்களால் சேர்ந்ததும் ஆகிய இப்போரான் கடலெங்கும் உப்பின் அளவோடு ஒத்த விகிதத்தில் பரவியுள்ளது.

தமிழ்நாட்டில் கடல்நீரை நாடும் நிலை சென்னையில் மிகுதி. திருவள்ளூர் மாவட்டம் காட்டுப்பள்ளியில் அமைந்து, மீஞ்சூர் ஆலை என வழங்கும் நிலையம் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கொள்திறனுடன் 2010 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதே கொள்திறனுடன் நெம்மேலி ஆலை 2013 ஆம் ஆண்டிலும், நெம்மேலியிலேயே 15 கோடி லிட்டர் கொள்திறனுடைய இரண்டாம் ஆலை 2024 ஆம் ஆண்டிலும் திறக்கப்பட்டன. பேரூரில் 40 கோடி லிட்டர் ஆலைக்கு 2023 ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பட்டது. இவை யாவும் எதிர்ச் சவ்வூடு பரவல் முறையைச் சார்ந்தவை.

காய்ச்சி வடித்தல் முறையில் இச்சிக்கல் இல்லை. கடல்நீர் ஆவியாகும்போது போரிக் அமிலம் பெரும்பாலும் பின்தங்கிவிடும். தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் 2005 ஆம் ஆண்டில் இலட்சத்தீவின் கவரத்தியில் நிறுவிய தாழ்வெப்ப ஆலை இம்முறையைச் சார்ந்தது. மேல்மட்டக் கடல்நீரின் இளஞ்சூட்டையும் ஆழ்கடல் நீரின் குளிர்ச்சியையும் கொண்டே அது நாள்தோறும் ஒரு இலட்சம் லிட்டர் நன்னீர் தருமாறு வடிவமைக்கப்பட்டது. கல்பாக்கத்தில் பாபா அணு ஆராய்ச்சி மையம் அமைத்த செயல்விளக்க நிலையத்தில் இரு முறைகளும் அருகருகே உள்ளன: நாளொன்றுக்கு 45 இலட்சம் லிட்டர் வடித்தல் வழியாகவும், 18 இலட்சம் லிட்டர் சவ்வின் வழியாகவும் பெறத்தக்கவாறு அது திட்டமிடப்பட்டது. ஆனால் வடித்தலுக்கு வெப்பம் வேண்டும். அனல் அல்லது அணு மின்நிலையம் பக்கத்தில் இல்லாத இடத்தில் அச்செலவு பெரிது என்பதால் பெருநகர ஆலைகள் சவ்வையே தேர்கின்றன.

சவ்வைக் கடப்பது எவ்வாறு

எதிர்ச் சவ்வூடு பரவலில் சவ்வானது ஒரு சல்லடை போல மட்டும் இயங்குவதில்லை. சோடியம், குளோரைடு போன்ற அயனிகள் தம்மைச் சூழ்ந்த நீர் மூலக்கூறுகளோடு சேர்ந்து பருத்திருப்பவை. மேலும் சவ்வின் மின்னூட்டம் அவற்றைத் தள்ளிவிடும். போரிக் அமில மூலக்கூறோ அரை நானோமீட்டருக்கும் சிறியது, தட்டையானது, மின்னூட்டம் அற்றது. அதன் மூன்று ஐதராக்சில் தொகுதிகளும் நீரைப் போலவே ஐதரசன் பிணைப்புகளை உண்டாக்கக்கூடியவை. எனவே நீர் செல்லும் வழியில் அதுவும் நீர்போலவே நுழைந்துவிடுகின்றது.

கடல்நீரின் பி.எச் ஏறத்தாழ 8.1. உப்பின் தாக்கத்தால் அங்கே போரிக் அமிலம் சற்று எளிதாகவே போரேட்டாக மாறும். அவ்வாறிருந்தும் நான்கில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாகவே போரேட்டு உள்ளது. தற்காலக் கடல்நீர்ச் சவ்வுகள் சோதனை நிலையில் போரானில் 80 முதல் 93 விழுக்காடு வரை தடுக்கின்றன. ஆனால் நீர் வெதுவெதுப்பாக இருந்தால் கசிவு கூடும். சவ்வுக்கு வயதானாலும் கூடும். வங்கக் கடலின் நீர் ஆண்டின் பெரும்பகுதி 26 பாகை செல்சியசுக்கு மேல் இருப்பது இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. குளிர்ந்த கடலை ஒட்டிய ஆலையில் தேர்ச்சி பெற்ற சவ்வு, சென்னைக் கடற்கரையில் அதே அளவு போரானைத் தடுக்கும் என எதிர்பார்க்க முடியாது. வெப்பக் கடல்களில் ஒரே சுற்றில் பெறப்படும் நன்னீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவை ஒட்டிப் போரான் இருப்பது இயல்பு.

நீரின் பி.எச் அளவை 10-க்கு மேல் உயர்த்தினால் போரிக் அமிலம் போரேட்டாகிவிடும். சவ்வும் அதைத் தடுத்துவிடும். கடல்நீரில் நேரடியாக இதைச் செய்தால் மக்னீசியம் ஐதராக்சைடும் கால்சியம் கார்பனேட்டும் படிந்து சவ்வு அடைபடும். ஆகையால் முதற்சுற்றில் உப்பு நீங்கிய நீருக்குக் காரம் சேர்த்து, இரண்டாம் முறை சவ்வின் வழியே செலுத்துகின்றனர். இதற்கு மின்சாரம், காரம், மீண்டும் நடுநிலையாக்க அமிலம் ஆகிய மூன்றும் தேவை. இரண்டாம் சுற்றைத் தவிர்க்கவோ குறைக்கவோ முயலும்போதுதான் பரப்புக் கவர்ச்சிப் பொருள்கள் கருதப்படுகின்றன.

வீடுகளிலும் குடிநீர்க் கேன் நிலையங்களிலும் உள்ள சிறு சவ்வுக் கருவிகளுக்கும் இவ்விளக்கம் பொருந்தும். ஆழ்துளைக் கிணற்று நீரில் போரான் இருந்தால் அதில் ஒரு பகுதி அக்கருவியைக் கடந்துவிடும். கரைந்த திண்மங்களைக் காட்டும் கையடக்க டி.டி.எஸ் மானி உண்மையில் அளப்பது மின்கடத்தலையே. மின்னூட்டம் அற்ற போரிக் அமிலம் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் அந்த மானியில் அது தெரிவதில்லை.

பிடிக்கும் வேதியியல்

போரான் அணுவுக்கு எலக்ட்ரான் பற்றாக்குறை உண்டு. அடுத்தடுத்த கரிம அணுக்களில் இரு ஐதராக்சில் தொகுதிகள் ஒரே பக்கம் நோக்கி இருக்குமானால், அவை இரண்டும் போரானை இடுக்கியின் இரு முனைகள்போலப் பற்றி, ஐந்து அணுக்கள் கொண்ட வளையத்தை அமைக்கும். இதனைக் கொடுக்கிணைப்பு என்பர். சர்க்கரைகளிலும் சர்க்கரை ஆல்ககால்களிலும் இத்தகைய ஐதராக்சில் இணைகள் நிறைய உள்ளன.

கல்லூரி ஆய்வகத்தில் தரம் பார்த்தல் செய்தோர் இவ்வினையை அறியாமலே பயன்படுத்தியிருப்பர். போரிக் அமிலம் மிக வலுக்குறைந்தது. சோடியம் ஐதராக்சைடைக் கொண்டு நேரடியாகத் தரம் பார்த்தால் பினால்ப்தலீன் தெளிவான முடிவைக் காட்டாது. சிறிது மானிட்டாலோ கிளிசராலோ சேர்த்தவுடன் கரைசல் வலுவான அமிலம்போல நடந்துகொள்ளும். மானிட்டாலின் ஐதராக்சில்கள் போரானைப் பற்றிக்கொண்டு புரோட்டானை வெளியேற்றுவதே இதற்குக் காரணம்.

நீரிலிருந்து போரானை நீக்கவும் இதே வினை பயன்படுகின்றது. வேறுபாடு ஒன்றே: கரையும் மானிட்டாலுக்குப் பதிலாக, அதை ஒத்த மூலக்கூறு ஒரு கரையாத திண்மத்தின் மேல் கட்டிவைக்கப்படுகின்றது. இதற்கு மிகுதியாகப் பயன்படுவது என்-மெத்தில்குளுக்கமின். குளுக்கோசிலிருந்து பெறப்படும் இதில் ஐந்து ஐதராக்சில்களும் ஒரு நைட்ரசனும் உள்ளன. ஐதராக்சில்கள் போரானைப் பற்றும்போது வெளியேறும் புரோட்டானை அருகிலேயே உள்ள நைட்ரசன் ஏற்றுக்கொள்கின்றது. இதனால் காரம் சேர்க்காமலே, நடுநிலை நீரிலும் பிணைப்பு நிகழ்கின்றது. சோடியம், குளோரைடு, சல்பேட்டு முதலியவற்றுக்கு இந்த ஐதராக்சில் இடுக்கியில் இடமில்லை; எனவே போரானைவிடப் பல்லாயிரம் மடங்கு மிகுதியாக உப்பு இருந்தாலும் அது போட்டியிடுவதில்லை.

அமெரிக்காவில் லைமன், புரூசு ஆகியோர் இந்தக் குளுக்கமினைப் பாலிசுடைரீன் மணிகளில் கட்டி 1957 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றனர். இன்று விற்பனையில் உள்ள போரான் பிசின்கள் அனைத்தும் ஏறத்தாழ இதே வழியில் வந்தவை.

சிலிக்காவைத் தாங்கியாகக் கொள்ளுதல்

பாலிசுடைரீன் நீரை விரும்பாத பொருள். அதன் மணிகள் நீரில் ஊறிப் பருத்த பின்னரே உட்புறக் குளுக்கமின்களைப் போரான் சென்றடையும். ஊடுபரவல் மெதுவாக நிகழும். மேலும் மணியின் உட்பகுதியில் உள்ள தொகுதிகள் பல பயன்படாமலே போகக்கூடும். இக்குறையைத் தீர்க்கும் நோக்குடனேயே நுண்துளைச் சிலிக்கா நாடப்பட்டது.

துளைகளின் விட்டம் 2 நானோமீட்டருக்கும் 50 நானோமீட்டருக்கும் இடையில் உள்ள பொருள்கள் இடைநுண்துளைப் பொருள்கள் எனப்படும். 1992 ஆம் ஆண்டில் மோபில் நிறுவன ஆய்வாளர்கள் எம்சிஎம்-41 என்னும் சிலிக்காவை அறிவித்தனர். தேன்கூட்டின் அறைகள்போல அறுகோண ஒழுங்கில் நேரான துளைகள் அமைந்த இப்பொருளின் ஒரு கிராமில் ஏறத்தாழ 1000 சதுர மீட்டர் பரப்பு உண்டு. 1998 ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாந்தா பார்பரா வளாகத்தில் உருவான எஸ்பிஏ-15 இன்னும் அகன்ற துளைகளும் தடித்த சுவர்களும் உடையது.

இவை உருவாகும் முறை எளிய கருத்தைக் கொண்டது. சோப்பைப் போன்ற பரப்பியங்கு பொருளின் மூலக்கூறுகள் நீரில் தாமாகவே உருளைகளாகத் திரளும். அவ்வுருளைகள் அடுக்கடுக்காக நிற்க, அவற்றைச் சுற்றிச் சிலிக்கா படிந்து உறையும். பின்னர் 550 பாகை செல்சியசு அளவில் சூடாக்கினால் உள்ளிருக்கும் கரிமப் பொருள் எரிந்துபோய், அது இருந்த இடம் துளையாக நிற்கும். மெழுகு உருகி வெளியேறிய இடத்தில் உலோகம் நிரம்பும் சிலை வார்ப்பை நினைவில் கொள்ளலாம். இங்கு வெளியேறிய இடம் நிரப்பப்படாமல் வெறுமையாகவே விடப்படுகின்றது என்பதே வேறுபாடு.

சிலிக்கா மட்டும் போரானை மிகக் குறைவாகவே ஈர்க்கும். மாற்றியமைத்தல் தேவைப்படுவது இதனாலேயே. சிலிக்காவின் மேற்பரப்பில் சிலனால் என்னும் ஐதராக்சில் முனைகள் உள்ளன. நீரற்ற தொலுயீனில் வைத்து ஒரு சிலேன் சேர்மத்துடன் கொதிக்கவிட்டால், அது இம்முனைகளுடன் வினைபுரிந்து மேற்பரப்பில் வேரூன்றிவிடும். சிலேனின் மறுமுனையில் எப்பாக்சைடு வளையமோ குளோரினோ இருக்குமாறு தேர்ந்தால், அதனுடன் குளுக்கமினை இணைக்கலாம். மற்றொரு வழியில், சிலேனைத் தொடக்கத்திலேயே சிலிக்கா மூலத்துடன் கலந்து ஒருசேர உறையச் செய்கின்றனர். இதில் தொகுதிகள் சீராகப் பரவும், ஆனால் துளைகளின் ஒழுங்கு சற்றுக் குலையும். இவ்வழியில் எரித்தல் கூடாது. பரப்பியங்கு பொருளைக் கரைப்பானால் கழுவியே நீக்க வேண்டும்.

சர்க்கரை வகைகளைக் கட்டிய இடைநுண்துளைச் சிலிக்கா போரானை நீக்குவதை 2004 ஆம் ஆண்டில் எசுப்பானிய ஆய்வாளர்களும், குளுக்கமின் கட்டிய எம்சிஎம்-41 பற்றி 2005 ஆம் ஆண்டில் துருக்கி ஆய்வாளர்களும் அறிவித்தனர். துருக்கியின் ஈடுபாட்டுக்குத் தனிக் காரணம் உண்டு. உலகின் மிகப் பெரிய போரான் தாதுப் படிவுகள் அந்நாட்டில் உள்ளன. அதன் மேற்குப் பகுதியின் புவிவெப்ப நீரூற்றுகளிலிருந்து வெளியேறும் நீர் பழத்தோட்டங்களுக்குப் போரானைக் கொண்டுவருகின்றது.

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை சிலிக்காவுக்கு ஒரு மலிவான மூலம் எளிதில் நினைவுக்கு வரும். நெல் உமியை முழுதாக எரித்த சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காவே. அரிசி ஆலைகளில் குவியும் இச்சாம்பலைக் காரத்தில் கரைத்துச் சோடியம் சிலிக்கேட்டாக்கி, அதிலிருந்து நுண்துளைச் சிலிக்கா செய்ய இயலும். இவ்வகை ஆய்வுகள் பல நாடுகளில் நடந்துள்ளன. ஆயினும் இறுதிப் பொருளின் விலையில் சிலிக்காவின் பங்கு சிறிது. சிலேனும் கரைப்பானும்தான் செலவில் பெரும்பங்கைக் கொள்பவை. உமிச் சாம்பலைப் பயன்படுத்துவதனால் மட்டும் விலை வெகுவாகக் குறைந்துவிடும் எனக் கொள்வது சரியன்று.

கொள்திறன்: ஒரு கணக்கு

ஒரு கிராம் சிலிக்காவில் 1 மில்லிமோல் குளுக்கமின் கட்டப்பட்டுள்ளதாகக் கொள்வோம். பரப்பு 800 சதுர மீட்டர் எனில், ஒரு சதுர நானோமீட்டருக்கு முக்கால் மூலக்கூறு என்னும் அடர்த்தி இது. ஒரு குளுக்கமின் ஒரு போரானைப் பற்றினால் கிராமுக்கு 10.8 மில்லிகிராம் போரான் பிடிபடும்.

நாள்தோறும் 10 கோடி லிட்டர் நீர் தரும் ஆலை ஒன்றில், சவ்வைக் கடந்த நீரில் லிட்டருக்கு 1.2 மில்லிகிராம் போரான் இருப்பதாகவும், அதை 0.5 மில்லிகிராமுக்குக் குறைக்க வேண்டும் எனவும் வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு நீக்க வேண்டிய போரான் 70 கிலோகிராம். இதற்குக் கணக்கின்படி 6.5 டன் பொருள் வேண்டும். நடைமுறையில் கொள்கலன் முழுதும் நிரம்பும் முன்னரே போரான் மறுமுனையில் கசியத் தொடங்கும் என்பதால், பாதித் திறனே பயன்படும் எனக் கொண்டால் 13 டன். இவை எந்த ஆலையின் அளவீடுகளும் அல்ல. அளவின் பருமையைக் காட்டும் எடுத்துக்காட்டே. ஆய்வகத்தில் இப்பொருள் ஒரு தடவைக்குச் சில கிராம் அளவிலேயே செய்யப்படுகின்றது என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

நீர் முழுவதையும் கொள்கலனின் வழியே செலுத்த வேண்டும் என்பதில்லை. மேற்கண்ட எடுத்துக்காட்டில் 5.8 கோடி லிட்டரை மட்டும் செலுத்திப் போரானை ஏறத்தாழ முழுதாக நீக்கி, எஞ்சிய 4.2 கோடி லிட்டருடன் கலந்தாலும் 0.5 மில்லிகிராம் கிட்டும். பிசின் பயன்படுத்தும் ஆலைகளில் இத்தகைய கலப்பு வழக்கமானது.

சிலிக்காவின் குறை

போரானைப் பிடிப்பதற்கு மிக ஏற்ற பி.எச் அளவு 8 முதல் 9.5 வரை. சிலிக்கா நீரில் கரையத் தொடங்கும் அளவும் அதுவே. நடுநிலை நீரிலும்கூடப் படிக உருவற்ற சிலிக்கா 25 பாகை செல்சியசில் லிட்டருக்கு நூறு மில்லிகிராமுக்கு மேல் கரையக்கூடியது, பி.எச் 9-ஐத் தாண்டினால் கரைதிறன் விரைந்து உயரும். சவ்வைக் கடந்து வரும் நீரில் கரைந்த சிலிக்கா ஏறத்தாழ இல்லை. அத்தகைய வெற்று நீர் ஓடிக்கொண்டே இருந்தால் அது கொள்கலனில் உள்ள சிலிக்காவைச் சிறிது சிறிதாக அரித்துச் செல்லும். எம்சிஎம்-41 இன் துளைச் சுவரோ ஒரு நானோமீட்டர் அளவே தடிப்புடையது. எவ்வளவு பரப்பு பெரிதோ அவ்வளவு அரிப்பும் விரைவு. எந்தப் பண்புக்காக இப்பொருள் நாடப்பட்டதோ அதுவே அதன் ஆயுளைக் குறைக்கின்றது.

குளுக்கமினின் நைட்ரசனும் இதற்குத் துணைசெய்கின்றது. அது தன்னைச் சூழ்ந்த நீரைச் சற்றுக் காரமாக்குவதால், தான் வேரூன்றிய இடத்தின் சிலிக்கா-ஆக்சிசன் பிணைப்புகளையே தளர்த்துகின்றது. வேர் அறுந்தால் குளுக்கமின் நீருடன் சென்றுவிடும். குடிநீரில் அது கலப்பது விரும்பத்தக்கது அன்று.

தடித்த சுவருடைய எஸ்பிஏ-15 ஐப் பயன்படுத்துதல், சுவரில் அலுமினியம், சிர்க்கோனியம் போன்றவற்றைச் சேர்த்தல், கரிமச் சங்கிலிகள் ஊடுருவிய கலப்புச் சிலிக்காவை ஆக்குதல், ஒரே இடத்தில் பல கால்களால் வேரூன்றும் சிலேன்களைத் தேர்தல் ஆகியவை கையாளப்பட்டுள்ள தீர்வுகள். மற்றொரு இடர் பொறியியல் சார்ந்தது. இச்சிலிக்கா மாவுபோன்ற நுண்தூளாகவே கிடைக்கும். அதைக் கொள்கலனில் நிரப்பினால் நீர் செல்லப் பேரழுத்தம் வேண்டும். பிணைப்பான் சேர்த்து மணிகளாக்கினால் நீர் எளிதில் செல்லும், ஆனால் விரைவு என்னும் அனுகூலத்தில் ஒரு பகுதி இழக்கப்படும்.

அளவிடுதல்

போரானை அளவிடப் பயன்படும் பழைய முறைகளுள் ஒன்றில் மஞ்சள் இடம்பெறுகின்றது. மஞ்சளின் நிறப்பொருளாகிய குர்குமின், அமிலச் சூழலில் போரானுடன் ஆவியாக்கி உலர்த்தப்படும்போது ரோசோசயனின் என்னும் சிவந்த சேர்மத்தைத் தரும். அதனை ஆல்ககாலில் கரைத்து நிறச்செறிவை நிறமாலை ஒளிமானியில் அளந்தால் போரானின் அளவு தெரியும். லிட்டருக்கு ஒரு மில்லிகிராமின் பத்தில் ஒரு பங்கையும் இம்முறை காட்டும். நைட்ரேட்டு மிகுந்த கிணற்று நீரில் இது பிழை தரக்கூடும். தூண்டிய பிளாசுமா நிறமாலைக் கருவி உள்ள ஆய்வகங்களில் அதுவே விரும்பப்படுகின்றது.

மாதிரி நீரைக் கண்ணாடிக் குப்பியில் எடுத்துச் செல்லலாகாது. ஆய்வகக் கண்ணாடி பெரும்பாலும் போரோசிலிக்கேட்டு என்பதால் அதிலிருந்தே போரான் நீரில் கலந்துவிடும். பாலிஎத்திலீன் குப்பிகளே ஏற்றவை. இதே காரணத்தால், போரான் ஆய்வில் புதிதாக இறங்குவோர் தூய நீரிலும் போரானைக் கண்டு குழம்புவதுண்டு.

மீளாக்கம்

நிறைந்த சிலிக்காவை நீர்த்த அமிலத்தால் கழுவினால் கொடுக்கிணைப்பு அவிழ்ந்து, போரான் மீண்டும் போரிக் அமிலமாக வெளியேறும். சிலிக்கா அமிலத்தைத் தாங்கும் என்பதால் இப்படியில் தீங்கில்லை. அடுத்து நைட்ரசனில் ஒட்டிய புரோட்டானை நீக்கக் காரம் தேவை. பிசினுக்குச் சோடியம் ஐதராக்சைடு இடுவது வழக்கம். சிலிக்காவுக்கு அது ஆகாது. நீர்த்த அம்மோனியாவோ சோடியம் பைகார்பனேட்டோ மெதுவாகச் செலுத்தப்பட வேண்டும். இந்தக் காரக் கழுவலின் ஒவ்வொரு சுற்றிலும் கொள்திறன் எவ்வளவு குறைகின்றது என்பதே இவ்வகைப் பொருள்களைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளில் முதலில் பார்க்க வேண்டிய எண். முதற்சுற்றின் கொள்திறனை மட்டும் தந்து மீளாக்க விவரங்களைத் தராத கட்டுரைகளும் உள்ளன.

போரான் ஒரு தனிமம். அதை வேறொன்றாகச் சிதைத்து அழிக்க முடியாது. கழுவிய அமிலத்தில் அது செறிவாகத் திரண்டிருக்கும். கடற்கரை ஆலையாயின், அது எங்கிருந்து வந்ததோ அந்தக் கடலுக்கே நடுநிலையாக்கிச் செறிந்த உப்புநீருடன் திருப்பி அனுப்பலாம். உள்நாட்டில் ஆழ்துளைக் கிணற்று நீரைத் தூய்மைப்படுத்தும் நிலையத்துக்கு அவ்வழி இல்லை. அங்கே அக்கரைசலை ஆவியாக்கிப் போரிக் அமிலத்தைப் படிகமாக எடுக்க வேண்டும், அல்லது வயலையும் வாய்க்காலையும் சேராதவாறு காப்பிட்ட குழிகளில் தேக்க வேண்டும்.